துக்கம் கேட்க விடாதவள் விற்ற கார்

கலாபா ஒரு பூட்டை ஒரே முறை பூட்டிவிட்டு நிம்மதியாகப் போனதாகச் சரித்திரம் இல்லை. கேட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். சமையல் கொட்டகையின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ந்டோலா நகரத்து லுபூட்டோவில் அவள் தெருக்காரர்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்தாயிற்று. சிரிக்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் வீட்டு ஜன்னல் திரைச்சீலையை யாரும் கழற்றிக்கொண்டு போகவில்லை.

கலாபாவின் வீட்டில் அதுதான் நடந்தது. புருஷன் காலெங்காவைப் புதைத்த மூன்றாம் நாள் அவன் தம்பிகள் ஒரு லாரியோடு வந்தார்கள். கட்டில் போனது, குளிர்பெட்டி போனது, தையல் இயந்திரம் போனது, கடைசியில் திரைச்சீலையும் போனது. விதவை பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது, எதிர்த்துப் பேசவும் கூடாது. உட்கார்ந்தபடியே பார்த்தாள். காரின் சாவியை மட்டும் தலைத்துணி முடிச்சுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். மூத்த கொழுந்தன் ஆறுதல் சொல்ல வருகிறவனைப் போல அவள் பக்கத்தில் குனிந்து, அந்த முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்துக்கொண்டு போனான். இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது என்று பின்னால் நாலு பேர் வந்து சொன்னார்கள். இருக்கலாம். அன்றைக்குச் சட்டம் அவளோடு பாயில் உட்கார்ந்திருக்கவில்லை.

அது நடந்து ஆறு வருஷம். இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. ந்டோலா தொழிற்பேட்டையில் மூன்று மெக்கானிக் ஷெட்டுகளுக்கும் ஒரு லாரி நிறுத்தத்துக்கும் மத்தியானச் சாப்பாடு அவள் கையால்தான். வெள்ளைச் சோளமாவில் கிளறிய ந்ஷிமா, வறுத்த கப்பெந்தா மீன், வேர்க்கடலை மாவு போட்டு வேகவைத்த பூசணி இலை. சூட்டுப் பெட்டிகளை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு போவாள். லாபத்தில் பாதியை வாடகைக் கார்க்காரனே தின்றுவிடுவான். மிச்சத்தில் சேர்த்ததுதான் அறுபத்தோராயிரம் குவாச்சா.

அந்தச் சமயம் பார்த்து ஊருக்கு வெளியே சுண்ணாம்பு ஆலை கட்டுகிற கான்ட்ராக்டரின் மேலாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தினமும் எண்பது தட்டு. ஆனால் பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டு மணி. "வாடகை வண்டிய நம்பி வர்றவங்க எனக்கு வேணாம்மா. போன தடவை ஒருத்தி ரெண்டு மணிக்கு வந்தா. பசங்க மண்வெட்டியத் தூக்கிட்டு என் ஆபீசுக்கு வந்துட்டானுங்க" என்றார். சொந்த வண்டி இருந்தால் வேலை அவளுக்கு, இல்லையென்றால் அடுத்தவளுக்கு. கையில் இருந்தது எட்டு நாள்.

அப்படித்தான் அவள் போனில் கார் பார்க்க ஆரம்பித்தாள். இரண்டாம் நாளே அது கண்ணில் பட்டது. வெள்ளி நிற டொயோட்டா ஸ்பாசியோ, ஐந்து படங்கள். பின் இருக்கையை மடக்கினால் நான்கு சூட்டுப் பெட்டியும் இரண்டு பானையும் தாராளமாகக் கொள்ளும். படத்தைப் பார்த்த நிமிஷமே மனதுக்குள் பெட்டிகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள். இதே மாதிரி வண்டிக்கு மற்றவர்கள் தொண்ணூறாயிரம் கேட்டார்கள். இதற்கு ஐம்பத்தெட்டாயிரம்தான். படங்களுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: 'கணவர் காலமாகிவிட்டதால் அவசர விற்பனை.'

வேறு யாராவது என்றால் இஞ்சின் எப்படி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்டிருப்பார்கள். கலாபா அந்த எண்ணைக் கூப்பிட்டு முதலில் கேட்டது வேறு.

"எப்பம்மா காலமானாரு?"

"போன வாரம்மா. கப்பிரி ரோட்டுல... லாரி மோதி..." ஒரு பெண் குரல். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதது. மெல்லிய அழுகை, நடுநடுவே விக்கல்.

"ஐயோ தாயே. நீ எந்தப் பிள்ளையோட அம்மா? உன்னை எப்படிக் கூப்பிடணும்?"

"லோம்பே அம்மான்னு கூப்பிடுவாங்க. சனிக்கிழமை குடும்பக் கூட்டம் வச்சிருக்காங்கம்மா. அன்னைக்கு எல்லாத்தையும் பங்கு போட்டு எடுத்துட்டுப் போயிருவாங்க. அதுக்குள்ள வண்டிய வித்துட்டா பிள்ளைங்க படிப்புக்காவது ஆகும்."

"வண்டிய வந்து பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கலாபாவே சொன்னாள்: "எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பே, இல்ல?"

"ஆமாம்மா. ஒரு தோழி வீட்டுல வச்சிருக்கேன்."

"கொழுந்தன் வாசல்லயே நிக்கிறானா?"

"நிக்கிறாரும்மா. அங்க இங்க நகர மாட்டேங்கிறாரு."

"நம்பர் பிளேட்ட மறைச்சிருக்கியே, அவங்க கண்ணுல பட்டுடக் கூடாதுன்னுதானே?"

"அதேதாம்மா."

சந்தேகப்பட வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் கலாபாவே பதிலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்துக் கொடுக்க அவளிடம் ஒரு வாழ்க்கையே இருந்தது. எதிரே இருந்தவள் செய்ததெல்லாம் 'ஆமாம்மா' என்று சொல்லி அழுததுதான். முன்பணம் பத்தாயிரம் போட்டால் வண்டியை வேறு யாருக்கும் பேசுவதில்லை என்றாள். வண்டியின் பதிவுச் சான்றான வெள்ளைப் புத்தகத்தையும் படம் எடுத்து அனுப்பினாள். சொந்தக்காரரின் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஷெட்டில் சாப்பாடு போடும்போது ஜெரேவிடம் போனைக் காட்டினாள். ஜெரே மெக்கானிக், ங்கோனிக்காரன். கலாபா பெம்பாக்காரி. எந்தக் காலத்திலோ இரண்டு கூட்டத்தின் பாட்டன்மாரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்களாம். அதற்குப் பிராயச்சித்தமாகப் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்து தீர்த்துக்கொள்கிறார்கள். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் இந்தக் கேலி முறைக்காரன் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் கோழியோ ஆடோ அபராதம் கட்ட வேண்டும். இருபது வருஷமாக ஜெரே அவளிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியது கிடையாது.

"என்ன பெம்பாக்காரி, குழம்புல வால் மிதக்குது? குரங்கா?"

"உங்க ஊர்ல எலி தீந்துபோச்சு, அதான் என் சட்டிய நக்க வந்திருக்கே. கையத் துடைச்சுட்டு இதப் பாரு."

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு ஐந்து படங்களையும் பார்த்தான். வெள்ளைப் புத்தகத்தை இரண்டு தடவை பார்த்தான்.

"நல்ல படம். பிரேம் போட்டுச் சுவத்துல மாட்டு. திங்கட்கிழமை அதுக்கு முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்து வாயாலயே ஹார்ன் அடி. எண்பது தட்டும் தானா போய்ச் சேரும்."

"போடா எலி தின்னி."

"இந்தக் கட்டைவிரலப் பாரு. விதவையோட விரலா இது? எங்க தாத்தன் கேடயம் பிடிச்ச விரல் மாதிரி இருக்கு. உங்க பெம்பாப் பொம்பளைங்களுக்கு வேணா இருக்கும், குரங்கத் துரத்தி மரம் ஏறி ஏறி."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. கலாபாவும் விழுந்து விழுந்து சிரித்தாள். கரண்டிக் காம்பால் அவன் தலையில் ஒன்று போட்டாள். "நான் அடியில படுத்துப் பாக்காத வண்டிக்குக் காசு கட்டாதே" என்று அவன் பின்னாலிருந்து கத்தியதையும் அந்தச் சிரிப்போடு சேர்த்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே போனில் பத்தாயிரம் அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் திரையில் ஒரு ஆணின் பெயர் வந்தது. அழுத்தாமல், இது யார் பெயர் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். "என் போனைப் பிடுங்கி வச்சுட்டாங்கம்மா, இது எங்க அண்ணன் நம்பர்" என்று பதில் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் கலாபாவின் போனையும்தான் பிடுங்கிக்கொண்டார்கள். அழுத்திவிட்டாள்.

பணம் போய்ச் சேர்ந்த கையோடு அவளே கூப்பிட்டாள். பத்தாயிரம் வாங்கிய குரல் இப்போது தெளிவாக இருந்தது. "வண்டி உங்களுக்குத்தாம்மா, கவலையே படாதீங்க."

"வண்டி கிடக்கட்டும். நாளைக்கு வந்து ஒரு பாட்டம் அழுதுட்டுப் போறேன். உனக்குக் குடுக்க மாவு மூட்டையும் எடுத்து வச்சிருக்கேன்."

பதில் இல்லை.

"வண்டிப் பேச்சு எடுக்க மாட்டேன். வர்ற நூறு பொம்பளைங்கள்ல நானும் ஒருத்தி, யாருக்குத் தெரியப்போகுது? எந்தத் தெரு?"

"வேணாம்மா."

"அட, எவ்வளவு நேரம் ஆகப்போகுது..."

"வராதீங்கன்னா வராதீங்க. யாரும் வர வேணாம். மீதிப் பணத்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள போடுங்க. இல்லன்னா வேற ஆளு ரெடியா இருக்காங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது. துக்கம் கேட்க வராதே என்று சொல்கிற சாவு வீட்டை அவள் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை. பகையாளியும் வருவான், கடன்காரனும் வருவான், வழிப்போக்கனும் வந்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு ஒரு கவளம் தின்றுவிட்டுப் போவான். அவளைக் கொள்ளையடித்தவர்கள்கூட முதலில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் கொள்ளையடித்தார்கள்.

வியாழக்கிழமை முழுக்க அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ந்ஷிமா கட்டி கட்டியாகப் போனது. மீனில் உப்பை இரண்டு தடவை போட்டாள். பணம் போய்விட்டது என்று நினைத்தால் தாங்கவில்லை. இல்லை, அந்தப் பெண் உண்மையிலேயே மிரண்டுபோய்க் கிடக்கிறாள், நான்தான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்தால் அது இன்னும் மோசமாக இருந்தது. மீதிப் பணத்தைப் போடாமல் விட்டு, சனிக்கிழமை அவள் பிள்ளைகளோடு தெருவில் நின்றால்? ஆறு வருஷத்துக்கு முன் தன்னை யாரும் நம்பவில்லை என்று இன்றைக்கும் புலம்புகிறவள், இன்னொருத்தியை நம்பாமல் விடுவதா?

வெள்ளிக்கிழமை காலையில் அந்த ஐந்து படங்களையும் நூறாவது தடவையாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். நான்காவது படத்தில், காரின் பின் சக்கரத்தைத் தாண்டி, பாதி எரிந்த பெரிய மரக்கட்டை கிடந்தது. ஆண்கள் சுற்றி உட்காருகிற துக்க வீட்டு நெருப்பு. அதை ஒட்டிப் பெரிய அலுமினியப் பானைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கடைசிப் பானையின் கழுத்தில் மஞ்சள் பட்டை. உடைந்த கைப்பிடியைச் செம்புக் கம்பியால் சுற்றி, முனையைச் சுருட்டி உள்ளே திணித்திருந்தார்கள்.

அது அவள் சுற்றிய கம்பி. போன ஈஸ்டருக்கு சிஃபுபு தேவாலயத்து மாதர் சங்கத்திலிருந்து வாடகைக்கு எடுத்த பானை. திருப்பிக் கொடுக்கும்போது கைப்பிடி கழன்று வர, பதறிப்போய் அவளே கம்பி கட்டிக் கொடுத்தாள். வேறு யாரும் முனையை அப்படிச் சுருட்ட மாட்டார்கள். விரலைக் கீறிவிடுமோ என்று பயப்படுகிறவள் மட்டும்தான் சுருட்டுவாள்.

தோழி வீட்டில் ஒளித்து வைத்திருக்கிற காருக்குப் பக்கத்தில் துக்க வீட்டுப் பானை எதற்கு?

பானைகளுக்குப் பொறுப்பான அம்மாள் நோட்டைப் பார்க்காமலே சொன்னாள்: "ஏழாம் நம்பரா? சிட்டுண்டு வீட்டுக்குப் போயிருக்கு. நாலாவது தெரு. பாவம், கப்பிரி ரோட்டுல லாரி அடிச்சிருச்சு மனுஷனை. நாளைக்குக் குடும்பக் கூட்டம் முடிஞ்சுதான் பானை வரும்."

ஆக, சாவு உண்மை. லாரி உண்மை. கூட்டமும் உண்மை. கலாபாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. உண்மையான சாவு வீடு எதற்காகக் கதவைச் சாத்துகிறது? நேராக ஷெட்டுக்குப் போய் ஜெரேவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பத்தாயிரம் கட்டியதையும் சொன்னாள். குரங்கு, கிரங்கு என்று ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றான். அவ்வளவுதான். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு உண்மையான பயம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த எண்ணிலிருந்து நான்கு தடவை அழைப்பு வந்தது. அவள் எடுக்கவில்லை. போனைச் சோளமாவு டப்பாவுக்குள் போட்டு மூடிவைத்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஜெரேயின் ஓட்டை வேனில் போய் இறங்கினார்கள். நாலாவது தெரு, வாசல் திறந்து கிடந்தது. கொய்யா மரத்தடியில் வெள்ளி நிற ஸ்பாசியோ எல்லோரும் பார்க்க நின்றது. கலாபா மாவு மூட்டையைத் தலையில் வைத்து, இடுப்பில் சித்தெங்கே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டும்போதே முறைப்படி குரலெடுத்து அழுதாள். முறைக்காக ஆரம்பித்த அழுகைதான். உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்திருந்தவளைக் கண்டதும் நிஜமாகவே உடைந்துவிட்டாள். தலைத்துணியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரோடு சுவராக, அச்சு அசலாக அன்றைய கலாபாவே உட்கார்ந்திருந்தது போல இருந்தது.

ஆனால் லோம்பே அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். அழுது அழுது தொண்டை கட்டி, குரல் கரகரவென்று காற்றாக வந்தது. போனில் கேட்டது இந்தக் குரல் இல்லை.

கலாபா அவள் காதோரம் குனிந்து கேட்டாள்: "அம்மா, நீங்க காரை விக்கிறீங்களா?"

"எந்தக் கார்?" என்றாள் லோம்பே அம்மா. "அவரோட காரா? அத எதுக்கு விக்கணும்? சாவி எங்கிட்ட இல்லையே. போனும் இல்ல. அவர் தம்பி கசொண்டே பத்திரமா வச்சிருக்கேன்னு வாங்கிக்கிட்டாரு."

அப்போது ஒரு பெண் குவளையோடு வந்தாள். இருபது வயது இருக்கும். கசொண்டேயின் மகள் பூப்பே என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்.

"தண்ணி குடிங்கம்மா."

கலாபா குவளையை வாங்கினாள். குடிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த வாயையே பார்த்தாள். அந்த 'அம்மா'வை அவள் மூன்று நாளாகக் காதில் வைத்துக்கொண்டு அலைகிறாள். வாயைத் திறந்தால் என்ன நடக்கும்? அவள் யார் இங்கே? வழியில் போகிறவள். சாவு வீட்டில், சொந்தக்காரர் நடுவே, கொழுந்தனைத் திருடன் என்று சொன்னால் அடித்துத் துரத்துவார்கள். மறுபடியும் பாயில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டியதுதானா? எழுந்து வெளியே வந்தாள்.

வெளியே ஜெரே காருக்கு அடியில் படுத்திருந்தான். இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"யாருடா அது அடியில?" என்றார் குடும்பத்துப் பெரியவர்.

"ஜெரே. ங்கோனி. உங்க முறைக்காரன். பெம்பாக்காரன் செத்தா எனக்கு ஒரு கோழி வரணும், ஒருத்தனும் குடுக்கல. அதான் நானே எடுத்துக்கலாம்னு வந்தேன்." புழுதியோடு வெளியே வந்தான். "கோழி வேணாம், இந்தக் காரு போதும். பத்தாயிரம் முன்பணம் கட்டியாச்சு. சாவி யாருகிட்ட?"

ஒரு வாரமாக அழுது களைத்த கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. பெரியவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. "யாருகிட்டடா கட்டினே?"

"விதவைகிட்டதான். போன்ல அப்படி அழுதா. குரலுக்கு இருபது வயசு, கட்டைவிரலுக்கு அம்பது வயசு. இப்படி ஒரு பொம்பளைய நான் பாத்ததே இல்ல. அந்த விரல் இங்கதான் எங்கயோ சுத்துது. எல்லாரும் கையக் காட்டுங்க, பாப்போம்! குரங்கு பிடிச்ச கை எது, திருடுன கை எதுன்னு நான் சொல்றேன்."

ஆண்கள் சிரித்துக்கொண்டே கைகளை நீட்டினார்கள். பெரியவரும் நீட்டினார். ஜெரே ஒவ்வொரு கட்டைவிரலாகத் தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, வரிசையாக வந்தான். முனையில் நீலச் சட்டை போட்ட ஒருவன் மட்டும் கையைப் பைக்குள் போட்டான்.

"மாப்ள, வெளிய எடு. கடிக்க மாட்டேன், நேத்துதான் எலி சாப்பிட்டேன்."

"வெளிய போடா நாயே!" நீலச் சட்டை துள்ளி எழுந்தான். "சாவு வீட்டுல வந்து கூத்தடிக்கிறியா? எங்க அண்ணன் வண்டியத் தொட்டே, கைய உடைச்சிருவேன்!"

சிரிப்பு பட்டென்று நின்றது. முறைக்காரன் செத்தவனையே கேலி செய்வான், குழியில் இறங்கிப் படுத்துக்கொண்டு காசு கேட்பான். அதற்கெல்லாம் கோபப்பட்டவன் இந்த ஊரில் இல்லை.

பெரியவர் நீட்டிய கையை மெதுவாக மடக்கினார். "கசொண்டே, அவன் முறைக்காரன். உனக்கு ஏன் கோவம் வருது?"

கசொண்டே திண்டாடிப்போய் வீட்டுப் பக்கம் பார்த்தான். வாசற்படியில், கலாபாவுக்குப் பின்னால், பூப்பே குவளையைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். மெல்லிய அழுகை, நடுநடுவே விக்கல்.

கலாபாவுக்குத் தன் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "பெரியவரே, இந்த அழுகைய நான் பத்தாயிரம் குடுத்துக் கேட்டிருக்கேன்" என்றாள்.

அதன் பிறகு எல்லாம் கூச்சல்தான். மகள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கக்கிவிட்டாள். அப்பா சொல்லித்தான் பேசினேன் என்றாள். கலாபாவோடு சேர்த்து நாலு பேர் கட்டியிருக்கிறார்கள் என்றாள். கசொண்டேயின் பையைத் துழாவியதில் மூவாயிரத்து நானூறு இருந்தது. பெரியவர் அதை எண்ணிக் கலாபாவிடம் கொடுத்து, மீதி மாசக் கடைசியில் வந்துவிடும் என்றார். அந்த மாசக் கடைசி எப்படிப்பட்டது என்று கலாபாவுக்குத் தெரியும். வாங்கி முடிந்துகொண்டாள்.

"சாவிய அவ முன்னாடி வை" என்றார் பெரியவர். கசொண்டே உள்ளே போய், பாயில் சாவியைப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனான். லோம்பே அம்மா சாவியைப் பார்த்தாள். எடுக்கவில்லை. எடுக்கலாமா என்று சுற்றியிருந்த பெண்களின் முகத்தைப் பார்த்தாள். எல்லோரும் குனிந்துகொண்டார்கள். கலாபா மண்டியிட்டு, சாவியை எடுத்து, அந்தக் கிழட்டுக் கைக்குள் வைத்து, ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"தலைத்துணியில முடியாதீங்க. கையிலயே வச்சுக்குங்க. தூங்கும்போதும் விடாதீங்க" என்றாள்.

திரும்பி வரும்போது வேனில் ஜெரே ஒரு கேலிகூடச் செய்யவில்லை. அது அவளுக்குத் தாங்கவில்லை.

"நீ முதல்லயே நேராச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொன்னேனே."

"எப்பவும் போலத்தானே சொன்னே?"

"வேற எப்படிச் சொல்றது உங்கிட்ட?" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, "திங்கட்கிழமை இந்த வேன எடுத்துக்க. டீசல் உன்னோடது. ஒரு வாரம்தான். அப்புறம் எனக்கு வண்டி வேணும்" என்றான்.

ஒரு வாரம். கையில் ஐம்பத்து நாலாயிரத்து நானூறு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும் கலாபா மறுபடி போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழாவதோ எட்டாவதோ விளம்பரம் ஒரு பழைய கரோலா. ஐம்பத்திரண்டாயிரம். கீழே எழுதியிருந்தது: 'கணவர் இறந்துவிட்டார். சீக்கிரம் விற்க வேண்டும்.'

போனைக் கட்டிலில் வீசினாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். கசொண்டே திருடியது பணத்தை மட்டும் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாளைக்கு உண்மையான விதவை ஒருத்தி இந்த வரியை எழுதினால் யார் நம்புவார்கள்? ஆறு வருஷத்துக்கு முன் அந்தச் சாவி மட்டும் முடிச்சிலேயே தங்கியிருந்தால், அவளும் இதே வரியைத்தான் எழுதியிருப்பாள்.

எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"வண்டியப் பத்தி அப்புறம் பேசலாம்மா. முதல்ல வீடு எங்கன்னு சொல்லு. நான் துக்கம் கேட்க வரணும்."

பதில் இல்லை. அன்றைக்கு இருந்த அதே மௌனம், அதே நீளம். கலாபா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாங்கம்மா" என்றது குரல். "கபுஷி சந்தைக்குப் பின்னாடி, தகரக் கதவு போட்ட வீடு. அடக்கம் முடிஞ்சதும் எல்லாரும் போயிட்டாங்க. அதுக்கப்புறம் யாருமே வரல."

கலாபா ஒரு மாவு மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். கேட்டைப் பூட்டினோமா என்பது மினிபஸ் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.